மூடியைத் திருகும் முன்: ஜவ்வாது மலைத் தேன் குழுக்களுக்கு

ஜவ்வாது மலை ஊர்களில் தேன் அடைத்து விற்கும் மகளிர் குழு அக்கா தங்கைகளுக்கும், பாறையிலும் மரத்திலும் ஏறித் தேன் இறக்கும் அண்ணன் தம்பிகளுக்கும், ஒடுகத்தூரிலிருந்து எழுதுகிறேன்.

மலைத்தேன் பாட்டில்கள் சில பொங்குகின்றன. சுற்றி வளைக்காமல் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனியில் வாங்கி அலமாரியில் வைத்த பாட்டில், ஐப்பசியில் மூடி உப்பி நிற்கிறது. திறந்தால் புஸ்ஸென்று காற்று சீறுகிறது, நுரை வழிகிறது, நாக்கில் வைத்தால் புளிக்கிறது. வாங்கியவர் வெல்லப்பாகு கலந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டுகிறார். அடுத்த முறை அவர் வாங்குவதில்லை, பக்கத்து வீட்டுக்காரரையும் வாங்க விடுவதில்லை. கலப்படம் செய்தால் பாட்டில் பொங்கும் என்று அவர் நினைக்கிறார். உண்மை பெரும்பாலும் நேர்மாறானது. காய்ச்சாத, எதையும் கலக்காத காட்டுத் தேன்தான் இப்படிப் பொங்கும். குற்றம் தேனில் இல்லை. அதை எந்த நிலையில், எதற்குள் அடைத்தோம் என்பதில் இருக்கிறது.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். ஊர் திரும்பும் முன் வெளியூரில் ஒரு பீர் ஆலையின் தரக்கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்தவன் நான். டப்பாவில் பீர் அடைக்கும் வரிசையில் நின்று, மூடி சரியாகப் பதிந்ததா, உள்ளே ஈஸ்ட் அடங்கியதா என்று சோதிப்பதுதான் அங்கே என் பிழைப்பாக இருந்தது. பீர் என்றதும் உங்களில் பலர் முகம் சுளிப்பீர்கள். சாராயம் இந்த மலையில் எத்தனை குடும்பங்களைச் சீரழித்தது என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். குடியைப் பற்றிப் பேச நான் வரவில்லை. உயிருள்ள ஒரு பண்டத்தை மூடிய கலத்துக்குள் அடைப்பவர்கள் உலகம் முழுக்க எந்தத் தவறுகளைச் செய்து, எப்படிக் கற்றுக்கொண்டார்கள் என்பதைச் சொல்லவே வந்தேன். அந்தப் பாடம் தேனுக்கு அப்படியே பொருந்துகிறது.

பெரிய கம்பெனிகளின் பீரை அடைத்த பிறகு சூடாக்குவது வழக்கம், ஈஸ்ட் செத்துவிடும். சிறு ஆலைகளின் கிராஃப்ட் பீர் பல நேரம் சூடு காட்டாமல் அடைக்கப்படுவது. சுவை அப்படியே இருக்கும், ஈஸ்டும் உயிரோடு இருக்கும். டப்பாவில் பீர் விற்பது 1935லேயே அமெரிக்காவில் தொடங்கிவிட்டது. ஆனால் சிறு ஆலைகள் டப்பாவுக்குத் துணிந்து வந்தது வெகு காலம் கழித்துத்தான். கொலராடோவின் ஆஸ்கர் புளூஸ் என்ற சிறிய ஆலை 2002ல் கையால் டப்பா அடைக்கத் தொடங்கியபோது பலர் நம்பவில்லை. இன்று உலகெங்கும் அதுவே வழக்கம். கூடவே தொல்லைகளும் வந்தன. இனிப்பு முழுவதும் புளித்து முடியாத பீரை அடைத்தால் ஈஸ்ட் டப்பாவுக்குள்ளும் வேலையைத் தொடரும். பழக்கூழ் சேர்த்த பீர் வெயிலில் கிடந்து வெடித்த கதைகள் ஏராளம். 2016ல் கொலராடோவின் இன்னொரு ஆலையான லெஃப்ட் ஹேண்ட், வேண்டாத ஒரு ஈஸ்ட் வகை உள்ளே புகுந்து புளிப்பைத் தொடர்ந்ததால், விற்பனைக்குப் போன பீரைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சாதாரண ஈஸ்ட் தொடாமல் விடும் மாவுச் சர்க்கரையையும் தின்னும் வகை அது. அடைக்கும் நாளில் பீர் நன்றாகத்தான் இருந்திருக்கும். கெட்டது வாரங்கள் கழித்து, கடைக்காரர் அலமாரியில்.

அதனால்தான் டப்பா வரிசையில் ஒவ்வொரு வேலைநாளும் சில டப்பாக்களை வெட்டிப் பார்ப்போம். மூடியும் உடலும் ஒன்றையொன்று கவ்வி மடியும் விளிம்பில் ஐந்து அடுக்குத் தகடு இருக்கும். அந்த மடிப்பு மயிரிழை பிசகினாலும் காற்று கசியும். உள்ளே கலந்திருக்கும் ஆக்சிஜனை நூறு கோடிப் பங்கில் சில பத்துப் பங்கு என்ற அளவில் அளப்போம். அலுமினியத்தை பீர் அரிக்காமலிருக்க உள்ளே பூசிய மெல்லிய பூச்சில் கீறல் உண்டா என்று பார்ப்போம். அடிப்பக்கத்தில் அச்சான எண்ணை வைத்து, எந்தத் தொட்டியிலிருந்து, எந்த மணிக்கு அடைத்தது என்று சொல்லிவிடுவோம். இவ்வளவு பாடும் குடிக்கிற பொருளுக்கு. குழந்தை முதல் கிழவர் வரை மருந்தென்று நம்பி நக்குகிற தேனுக்கு நாம் என்ன செய்கிறோம்?

தேனுக்கு வருகிறேன். தேனில் ஏறக்குறைய எண்பது சதவீதம் சர்க்கரை. இத்தனை சர்க்கரைக்குள் சாதாரணக் கிருமி எதுவும் வளராது. ஆனால் சர்க்கரையைத் தாங்கும் சில ஈஸ்டுகள் பூவிலிருந்தும் தேனீயின் உடலிலிருந்தும் தேனுக்குள் வந்து, தூங்கிக் கிடக்கும். அவற்றை எழுப்புவது நீர். கனடாவில் லோக்ஹெட் என்ற ஆய்வாளர் 1933ல் வகுத்துச் சொன்ன கணக்கு இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. ஈரம் 17 சதவீதத்துக்குள் இருந்தால் ஈஸ்ட் எவ்வளவு இருந்தாலும் தேன் புளிக்காது. 18, 19 என்று ஏற ஏற, மிகக் குறைந்த ஈஸ்டே போதும். 20ஐத் தாண்டினால் எப்போதும் ஆபத்துதான். நம் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையமும் தேனின் ஈரத்துக்கு 20 சதவீதம் என்றே எல்லை வைத்திருக்கிறது. சட்டத்துக்காக வைத்த எண் என்று அதை நினைக்காதீர்கள். பாட்டில் பொங்குமா பொங்காதா என்பதற்கான எண் அது.

நம் மலைத்தேனீயின் தேன் இந்த எல்லையைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். பாறையில் திறந்தவெளியில் தொங்கும் அடையில், தேனீ இன்னும் மெழுகு மூடி போடாத அறைகளையும் சேர்த்து வெட்டினால், 22, 23 சதவீதம் ஈரம் வருவது புதிதல்ல. தேனீக்களின் கணக்கு நம்மைவிடக் கறாரானது. சிறகடித்து நீரை வற்றவைத்து, போதும் என்று ஆன பிறகே அறையை மூடும். மூடாத அறை என்றால் இன்னும் வற்றாத தேன். இதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் வியாபாரி வந்து நிற்கும் அவசரத்தில் மூடியதும் மூடாததும் ஒரே டின்னில் விழுந்துவிடுகிறது.

எடுத்த பிறகும் தேன் சும்மா இருப்பதில்லை, காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். காற்றின் ஈரப்பதம் அறுபது சதவீதத்துக்கு அருகில் இருந்தால்தான் நல்ல தேன் நல்ல தேனாகவே நிற்கும். மழைக்காலத்தில் மலைமேல் அது எண்பதையும் தாண்டும். அந்த நாட்களில் வாய் திறந்த பாத்திரத்தில் தேனை வடிய விட்டால், வடிந்து முடிவதற்குள் மேற்பரப்பு நீர்த்துவிடும். கழுவிய பாட்டிலின் அடியில் ஒரு தேக்கரண்டித் தண்ணீர் தங்கியிருந்தால் போதும், ஒரு கிலோ தேனின் ஈரம் ஏறக்குறைய 0.4 சதவீதம் ஏறும். 19.8ல் இருந்த தேன் 20ஐத் தாண்டிவிட்டது. தேன் உறைந்தாலும் இதே ஆபத்து உண்டு. சர்க்கரை கட்டியாகி அடியில் இறங்கும்போது மேலே நிற்கும் திரவத்தில் நீரின் பங்கு கூடிவிடும், புளிப்பு அங்கே தொடங்கும். உறைவது நல்ல தேனுக்கும் இயல்புதான். உறைந்ததற்கு மேலே நுரை தெரிந்தால்தான் கவலை.

வாயுவின் கணக்கையும் சொல்கிறேன், ஏனென்றால் இதில் உடம்புக்கே ஆபத்து இருக்கிறது. நான்கு கிராம் சர்க்கரை புளித்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் கரியமில வாயு உண்டாகும். அரைக் கிலோ பாட்டிலில் நானூறு கிராம் சர்க்கரை இருக்கிறது. அதில் நூறில் ஒரு பங்கு புளித்தாலே ஒரு லிட்டர் வாயு. மேலே விட்டிருக்கும் இடைவெளியோ இரண்டு விரற்கடை. பீர் டப்பாவும் பீர் பாட்டிலும் அழுத்தத்தைத் தாங்கவென்றே செய்யப்பட்டவை. தேன், ஊறுகாய் அடைக்கும் மெல்லிய கண்ணாடி பாட்டில் அப்படி அல்ல. மூடி வழிவிட்டால் நுரை வழிவதோடு போகும். இறுகப் பிடித்துக்கொண்டால் கண்ணாடி உடையும்.

இதைவிட எனக்கு அதிகம் பயம் தருவது தேன் நெல்லி. நல்ல பண்டம், நன்றாக விற்கிறது, குழுவுக்கு லாபமும் அதில்தான். ஆனால் நெல்லிக்காயில் பெரும்பகுதி தண்ணீர். தேனில் போட்டதும் காய் சுருங்குகிறது என்றால், அந்தத் தண்ணீர் தேனுக்குள் வருகிறது என்று பொருள். பழக்கூழ் போட்ட பீர் ஏன் வெடித்ததோ, தேன் நெல்லி பாட்டில் அதே காரணத்தால்தான் பொங்குகிறது. பச்சைக் காயை நேரே தேனில் போட்டு மூடி விற்காதீர்கள். ஆவியில் வேகவைத்து, பிறகு சில நாட்கள் தேனில் ஊறவைத்து, நீர்த்துப்போன அந்தத் தேனை வடித்து வற்றக் காய்ச்சி மீண்டும் ஊற்றி, கடைசியில் ஈரம் பார்த்த பிறகு அடையுங்கள். இரண்டு முறை வடித்து ஊற்றினாலும் தப்பில்லை. பூண்டுத் தேனை மட்டும் விற்பனைக்குச் செய்யவே வேண்டாம். பூண்டு மண்ணுக்குள் விளைவது. காற்றில்லாத இடத்தில் நஞ்சு சுரக்கும் பொட்டுலினம் என்ற கிருமியின் விதையும் மண்ணில் இருப்பதே. ஈரமும் சேர்ந்தால் அந்தப் பாட்டிலுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

சோதனை பற்றி ஒரு வார்த்தை. தண்ணீரில் சொட்டினால் கரையாமல் அடியில் போய் நிற்க வேண்டும், தீக்குச்சியைத் தேனில் தோய்த்து உரசினால் பற்ற வேண்டும், நாய் முகர்ந்துவிட்டு நக்காமல் போக வேண்டும் என்று வாங்குபவர்கள் கேட்கிறார்கள், நீங்களும் செய்து காட்டுகிறீர்கள். இவை எதையும் நிரூபிப்பதில்லை. கெட்டியான சர்க்கரைப் பாகும் தண்ணீரில் அடியில் போய் நிற்கும். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சந்தையில் விற்கும் 13 தேன் பிராண்டுகளைச் சோதனைக்கு அனுப்பியபோது, அணுக்கரு காந்த ஒத்ததிர்வுச் சோதனையில் பத்து தேறவில்லை. வழக்கமான சோதனைகளுக்குத் தப்பும் பாகு வகைகள் சந்தைக்கு வந்துவிட்டன. அந்தச் செய்திக்குப் பிறகு நகரத்து ஆட்கள் காட்டுத் தேனைத் தேடி மலைப்பாதை ஏறி வருகிறார்கள். அந்த நம்பிக்கையைத் தீக்குச்சியை வைத்துக் காப்பாற்ற முடியாது.

உங்களுக்கு வேண்டிய கருவி ஒன்றே ஒன்று, ரிஃப்ராக்டோமீட்டர். கையடக்கமானது, சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், கரண்டு வேண்டாம். ஒரு சொட்டுத் தேனைக் கண்ணாடியில் வைத்து வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால் ஈரம் எத்தனை சதவீதம் என்று கோட்டில் தெரியும். பழத்துக்கு விற்பதை வாங்காதீர்கள், தேனுக்கென்றே அளவுகோல் உள்ளதை வாங்குங்கள். ஒன்றிய அரசு 2020ல் தொடங்கிய சிறு உணவுத் தொழில் திட்டத்தில், மகளிர் குழு உறுப்பினர் ஒருவருக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க மூலதனம் வைத்திருந்தார்கள். சிறு கருவிகளும் அதில் அடங்கும். இப்போது எந்தத் திட்டத்தில் என்ன கிடைக்கும் என்று வட்டார அலுவலகத்தில் கேட்கும்போது, முதல் பொருளாக இந்தக் கருவியின் பெயரை எழுதிக் கொடுங்கள். பெயர் அச்சடித்த அட்டைப்பெட்டியும் பளபளக்கும் லேபிளும் பிறகு வரட்டும்.

இனி பாட்டிலுக்கு வருகிறேன். இதில் நான் கடுமையாகவே பேசுவேன். பழைய பிராந்தி பாட்டிலிலும் பீர் பாட்டிலிலும் தேன் விற்பதை நிறுத்துங்கள். சாலையோரம் அப்படி விற்பது நம் மலையில் மட்டும் அல்ல, தமிழ்நாடு முழுக்க நடக்கிறது. காலி பாட்டில் சும்மா கிடைக்கிறது, கண்ணாடி கனமானது, உண்மை. ஆனால் அது காயலான் கடைக்கு வரும் முன் அதில் மண்ணெண்ணெய் இருந்ததா, பூச்சிமருந்து இருந்ததா என்று யாருக்குத் தெரியும்? டாஸ்மாக் பாட்டில்களைத் திரும்பப் பெறும் திட்டம் 2022ல் நீலகிரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் தொடங்கியதே, காட்டில் வீசிய கண்ணாடி விலங்குகளின் காலைக் கிழித்ததால்தான். அப்படித் தரையில் கிடந்து பொறுக்கி வந்த கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். மூடியோ இன்னும் மோசம். பிராந்தி பாட்டிலின் மூடி ஒருமுறை முறிந்தால் மறுபடி காற்றுப் புகாமல் மூடாது, உள்ளே இருக்கும் வளையத்தில் பழைய வாடையும் போகாது. பீர் பாட்டிலுக்கு மூடியே இல்லை, காகிதத்தைச் சுருட்டி அடைக்கிறோம். மழைக்காற்று அதன் வழியே ஈரத்தைக் கொண்டுபோய்த் தேனில் சேர்க்கிறது.

எடையிலும் குழப்பம். தேன் தண்ணீரைவிடக் கனமானது, ஒரு லிட்டர் ஏறக்குறைய 1.4 கிலோ. 650 மில்லி பீர் பாட்டிலில் 900 கிராமுக்குச் சற்று மேல் பிடிக்கும். அதை ஒரு கிலோ என்று சொல்லி விற்றால் வாங்கியவருக்கு நட்டம். முக்கால் லிட்டர் பாட்டிலை முக்கால் கிலோ என்று கொடுத்தால் உங்களுக்கு நட்டம். புதிய கண்ணாடி பாட்டில், உள்ளே ரப்பர் போன்ற பூச்சுள்ள புதிய மூடி, கிராமில் எழுதிய எடை: இவற்றுக்கு ஆகும் செலவை விலையில் ஏற்றுங்கள். கொடுப்பார்கள். காட்டுத் தேனுக்கு 2020ல் அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை கிலோவுக்கு 225 ரூபாய். அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் வடிகட்டி, அடைத்து, பெயர் போட்டு, பொறுப்பேற்கும் வேலைக்கான கூலி. அந்தக் கூலி கீழே உள்ள வியாபாரிக்குப் போகாமல் மலையிலேயே தங்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். காட்டுத் தேன் மீது உங்களுக்குள்ள உரிமையை 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் எழுத்தில் தந்திருக்கிறது. அடைத்து விற்கும் திறமையை நாம்தான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டிலேயே செய்துகாட்டியவர்கள் இருக்கிறார்கள். 1993ல் தொடங்கிக் கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளை, நீலகிரியின் குறும்பரோடும் இருளரோடும் தேன் வேலையில் பல்லாண்டு சேர்ந்து உழைத்திருக்கிறது. தேன் உள்ள பகுதியை மட்டும் வெட்டிப் புழு உள்ள அடையை விட்டுவைப்பது, கையால் பிழியாமல் வடியவிடுவது, தேனைச் சுத்தமான கலத்தில் சேர்ப்பது ஆகியவை அங்கே எடுக்கும் இடத்திலேயே தொடங்குகின்றன. பிழிந்தால் புழுச்சாறும் மகரந்தமும் சேர்ந்து புளிப்பைத் துரிதப்படுத்தும். எவர்சில்வர் அல்லது உணவுக்கென்றே செய்த பிளாஸ்டிக் கலம் மட்டும் போதும். தேன் அமிலத் தன்மை உள்ளது, துருப்பிடித்த தகர டின்னையும் துத்தநாகம் பூசிய வாளியையும் அரித்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். காலி பெயின்ட் வாளி, மருந்து கேன் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஈரம் கூடிய தேனை என்ன செய்வது என்று கேட்பீர்கள். அதைக் கொட்ட வேண்டியதில்லை. ஈரம் வற்றவைக்கும் இயந்திரம் உள்ள இடத்துக்கு மொத்தமாக விற்றுவிடலாம். அல்லது தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் பாத்திரம் வைத்து, 60 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்தால் ஈஸ்ட் அடங்கும். நேரடித் தீ கூடாது, வெப்பமானி இல்லாமல் செய்யக் கூடாது, உடனே ஆறவைக்க வேண்டும். சூடு மிஞ்சினால் எச்எம்எஃப் என்ற பொருள் பெருகும், அதற்கும் சட்டத்தில் கிலோவுக்கு 80 மில்லிகிராம் என்று எல்லை இருக்கிறது. சூடு காட்டினால் ஈஸ்ட் சாகுமே தவிர ஈரம் குறைந்துவிடாது. 20க்கு மேலிருந்த தேன் அதற்குப் பிறகும் 20க்கு மேல்தான். சூடு காட்டிய தேனைப் பச்சைத் தேன் என்று எழுதி விற்காதீர்கள்.

லேபிளில் நீங்கள் தவறாமல் எழுத வேண்டிய வரி ஒன்று உண்டு: ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தரக் கூடாது. நம் ஊர்களில் பிறந்த குழந்தைக்குச் சேனை தொட்டு வைக்கிறோம், நாக்கில் தேன் தடவுகிறோம். பெரியவர் வயிற்றில் தேனிலுள்ள பொட்டுலினம் விதை முளைக்காது. பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கலாம். மலச்சிக்கலில் தொடங்கி, அழுகை மெலிந்து, தலை நிற்காமல் தொங்கி, மூச்சு வரை போகும் நோய் அது. 1976ல்தான் மருத்துவ உலகமே இதை அடையாளம் கண்டது, அதனால் நம் பாட்டிகளைக் குறை சொல்ல இடமில்லை. எவ்வளவு சுத்தமாக எடுத்தாலும், 60 டிகிரியில் சூடாக்கினாலும் அந்த விதை சாகாது. பாட்டிலைக் கையில் கொடுக்கும்போது வாயாலும் சொல்லுங்கள், படிக்கத் தெரியாதவரும் வாங்குகிறார்.

லேபிளில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு எண்ணையும் எழுதுங்கள், 14 இலக்கம், ஒன்றும் விடாமல். அதற்கு மேல் ஒரு தொகுதி எண்ணும் போடுங்கள். எந்த இடத்துத் தேன், எந்த நாள் எடுத்தது, எந்த நாள் அடைத்தது, ஈரம் எவ்வளவு என்பதை ஒரு நோட்டில் எழுதி, அந்த வரிசை எண்ணையே பாட்டிலில் ஒட்டினால் போதும். ஒரு பாட்டில் பொங்கினால் அதே எண்ணுள்ள மற்ற பாட்டில்கள் எங்கே போயின என்று தெரிந்துவிடும். எண் இல்லையென்றால் ஒரு பாட்டிலின் கெட்ட பெயர் மொத்த மலைக்கும் ஒட்டும். பொங்கிய பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணத்தைத் தயங்காமல் கொடுத்துவிடுங்கள். அதைக் குளிரவைத்து, தடித்த துணியால் சுற்றி, முகத்தை விலக்கி மெதுவாகத் திறக்க வேண்டும். வெயிலில் வைத்துவிட்டுத் திறக்கவே கூடாது.

இந்த ஆண்டு எடுத்த தேன் எதையாவது இன்னும் அடைக்காமல் வைத்திருந்தால், என்னிடம் ஒரு ரிஃப்ராக்டோமீட்டர் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தைக்கு இறங்கி வருபவர்களிடம் ஒவ்வொரு கலத்திலிருந்தும் ஒரு சிறு குப்பி கொடுத்தனுப்புங்கள். காசு எதுவும் வேண்டாம். குப்பி நன்றாக உலர்ந்திருக்கட்டும், மேலே எடுத்த இடமும் நாளும் எழுதியிருக்கட்டும். ஈரம் கூடிய தேன் இலேசானது, மேலே ஏறி நிற்கும். ஆகவே குப்பிக்கான தேனைக் கலத்தின் மேற்பகுதியிலிருந்தே எடுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஒடுகத்தூர்க்காரன்